தும்மல் பரீட்சை

டிப்போவில் எல்லோரும் அவளைப் பிரேக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து ஓட்டுநராக வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அன்றைக்குச் சாலையின் குறுக்கே ஒரு வாத்து தன் குஞ்சுகளை அழைத்துக்கொண்டு ஊர்வலம் போனது. அவள் பிரேக்கை ஏறி மிதித்தாள். வாத்துக் குடும்பம் பிழைத்தது. ஆனால் முன்பக்கம் நின்றுகொண்டிருந்த செக்கிங் இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த டீ மொத்தமும் அவருடைய வெள்ளைச் சட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. "ஏம்மா, நான் என்ன வாத்தை விட மட்டமா?" என்று அவர் கேட்டது டிப்போ முழுக்கப் பரவிவிட்டது.

அதன்பிறகு அவளுக்கு ஒரு வைராக்கியம் வந்தது. பேருந்து எப்போது நின்றது என்பதே பயணிக்குத் தெரியக்கூடாது என்று பழகினாள். சில வருடங்களில் கைகூடியும் விட்டது. அவள் வண்டியில் நின்றபடியே ஊசியில் நூல் கோக்கலாம் என்று சொல்வார்கள். பெயர் மட்டும் மாறவில்லை.

அவளுடைய காலை வண்டியில் தினமும் ஒரு பியானோ டீச்சர் ஏறுவார். பார்வை இல்லாதவர். அவருக்கு வழிகாட்டியாக ஒரு நாய் கூடவே வரும். உடம்பெல்லாம் சுருட்டை முடி, தேன் நிறம், முகத்தைப் பார்த்தால் யாரோ பொம்மை செய்து பாதியில் உயிர் கொடுத்துவிட்ட மாதிரி இருக்கும். ஏறியதும் டீச்சரை முதல் இருக்கையில் உட்கார வைத்துவிட்டு, அது ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் சுருண்டு படுத்துக்கொள்ளும். சிக்னலில் வண்டி நிற்கும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விடும். பிள்ளை குட்டிகளின் கவலையையெல்லாம் தலையில் சுமக்கும் பெரிய குடும்பஸ்தனைப் போல.

"என்னப்பா, வீட்ல பிரச்சனையா?" என்று பிரேக்கக்கா கண்ணாடியைப் பார்த்துக் கேட்பாள். டீச்சர் சிரிப்பார்.

ஒருநாள் டீச்சரே சொன்னார்: "எங்க வீட்டுக்காரருக்கு நாய் முடின்னாலே ஆகாதும்மா. மூச்சு முட்டும். அதனாலதான் இவனைக் குடுத்தாங்க. பாதி பூடில், பாதி ரிட்ரீவர். டூடுல்னு சொல்வாங்க. முடி அதிகம் கொட்டாது. எங்க வீட்டுக்காரர் இப்ப இவனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குறார், நான்தான் ஓரத்துல படுக்கிறேன்."

அந்த வார்த்தையைப் பிரேக்கக்கா மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள். ஏனென்றால் அவள் வீட்டிலும் ஒரு மூக்கு இருந்தது.

அவளுடைய கணவர் தையல்காரர். சட்டை பேன்ட் எல்லாம் தைப்பதில்லை. ஜன்னல் திரைகளும் சோபா உறைகளும்தான். வீட்டின் முன்னறையே அவருக்குக் கடை. நாள் முழுக்கத் துணிப் பஞ்சுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பார். அதற்கெல்லாம் அந்த மூக்கு அசையாது. ஆனால் எதிர்வீட்டுப் பூனை மதில்மேல் நடந்து போனால் போதும், தொடங்கிவிடும். சாதாரணத் தும்மலா அது? ஜன்னல் கண்ணாடி அதிரும். கீழ்வீட்டில் குடியிருக்கும் அவருடைய தங்கை, "அண்ணா, உயிரோட இருக்கியா?" என்று படிக்கட்டிலிருந்து குரல் கொடுப்பாள். அதற்குள் அடுத்தது வரும்.

அதனால் பிரேக்கக்கா கல்யாணமான நாளிலிருந்து நாய் என்ற பேச்சையே எடுத்ததில்லை. எடுக்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. பியானோ டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மகள் இருக்கும் ஊருக்குக் குடிபோன பிறகுதான் தோன்றியது. கடைசி நாள் டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். நாய் எப்போதும்போல முன்னால் இறங்கியது, திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு வேலை இருந்தது. மறுநாள் முதல் சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டுப் பிரேக்கக்கா பெருமூச்சுக்காகக் காத்திருந்தாள். பச்சை விழுந்து, பின்னாலிருந்த கார் ஹாரன் அடித்தபோதுதான் அவளுக்கே அது உறைத்தது.

அந்த வார விடுமுறையில் டீ குடிக்கும்போது விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"ஏங்க, நாம ஒரு நாய் வளக்கலாமா?"

தையல்காரர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். அது பாதியாக உடைந்து உள்ளே விழுந்தது.

"என்னைத் தீத்துக்கட்டணும்னா நேரா சொல்லிடேன். எதுக்குச் சுத்தி வளைக்கிற?"

அவள் டூடுல் என்றால் என்ன என்று விளக்கினாள். டீச்சரின் கணவரைப் பற்றிச் சொன்னாள். காலைச் சிக்னலைப் பற்றியும் சொன்னாள்; அதைச் சொல்லும்போது மட்டும் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தையல்காரர் டீயைப் பார்த்துக்கொண்டே கேட்டார். இருபத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் தனக்கென்று கேட்டது என்னவென்று யோசித்திருப்பார் போல. ஒரு குக்கரைத் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வந்திருக்காது.

"பாக்கலாம்," என்றார்.

கீழ்வீட்டு நாத்தனாருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேஜையில் வேலை பார்ப்பவள். வாயைத் திறக்கச் சொல்லும் இடத்தில் இருந்து இருந்து, அவள் வாய் எப்போதும் திறந்தே இருக்கும். மேலே ஏறி வந்தாள்.

"அண்ணி, நிஜமாவா? வீட்டுக்குள்ள நாயா? அண்ணனோட தும்மலுக்கே எங்க வீட்டு மேல்தளத்துல விரிசல் விட்டிருக்கு!"

"அது மழைத்தண்ணி இறங்கின விரிசல்."

"இருக்கட்டும். என் வீட்டு வாசல்ல அது ஒரு காலை வைக்கக்கூடாது. சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர, நாய் பார்க்கப் போக கார் அவளிடம்தான் இருந்தது. பிரேக்கக்காவிடம் சொந்தமாகச் சைக்கிள்கூடக் கிடையாது. அதனால் நாத்தனார்தான் வண்டியெடுத்தாள். தையல்காரர் பின்னிருக்கையில். பக்கத்தில் உட்கார்ந்த பிரேக்கக்கா, வழிநெடுக இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தாள்.

"அண்ணி, அந்தப் பக்கம் பிரேக் இல்ல."

"தெரியும். நீ அங்க மிதிக்க மாட்டேங்கிறியே, அதான்."

முதலில் போனது இணையத்தில் விளம்பரம் கொடுத்திருந்த ஓர் ஆளிடம். வீட்டுக்கு வரவேண்டாம், பல்பொருள் அங்காடியின் கார் நிறுத்துமிடத்துக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தான். காரின் பின்கதவைத் திறந்தான். ஓர் அட்டைப்பெட்டிக்குள் நான்கு குட்டிகள், கண்ணில் பீளையோடு, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

"இதோட அம்மா எங்கப்பா?" என்று பிரேக்கக்கா கேட்டாள்.

"அம்மா வெளியூர் போயிருக்குங்க."

"நாயா?"

அவன் சளைக்கவில்லை. "சொந்தக்காரங்க வீட்டுக்கு."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. திரும்பும் வழியில் நாத்தனார்தான் வண்டியை ஓரமாக நிறுத்தி, விலங்கு நல அலுவலகத்துக்குப் போன் போட்டு, அந்தக் காரின் எண்ணைச் சொன்னாள். சாயங்காலம் அவர்கள் திருப்பி அழைத்து, குட்டிகளை எடுத்து வந்துவிட்டதாகச் சொன்னார்கள். அந்த நாலு குட்டிகளும் எப்படி இருக்கின்றன என்று அடுத்த சில நாட்கள் விசாரித்துக்கொண்டிருந்ததும் நாய் வேண்டாமென்று சொன்ன அதே நாத்தனார்தான்.

இரண்டாவதாகப் போனது ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்கு. அதை நடத்தியவர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கழுத்தில் விசில், இடுப்பில் ஈரத் துண்டு. பண்ணையம்மா அவர்களைக் குட்டிகளிடம் கூட்டிப்போகவில்லை. சமையலறை மேஜையைக் காட்டி, "உக்காருங்க," என்றார். சுவரில் கண், இடுப்பெலும்பு, இதயம் என்று தாய்க்கும் தகப்பனுக்கும் எடுத்த மருத்துவச் சான்றுகள் மாட்டியிருந்தன. அவற்றை நிதானமாகப் படிக்கவிட்டார். பிறகு விசாரணை தொடங்கியது.

"பகல்ல வீட்ல யாரு இருப்பாங்க?"

"இவர்தாங்க. வீட்லதான் வேலை."

"என்ன வேலை?"

"திரைச்சீலை தைக்கிறேன்."

"ஊசி, குண்டூசி எல்லாம் கீழ விழுமே?"

தையல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "காந்தம் வெச்சுப் பொறுக்கிடுவேங்க."

"தினமும்?"

"இனிமே தினமும்."

"குட்டி சோபாவைக் கடிச்சா?"

"சோபாவுக்கு உறை தைக்கிறதே என் தொழில்தாங்க."

பண்ணையம்மாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. பிரேக்கக்கா பக்கம் திரும்பினார். "இது பொம்மை மாதிரி இருக்கும். ஆனா தினமும் சீவணும். விட்டா முடி சிக்குப்பிடிச்சுப் பாய் மாதிரி ஆயிடும். மாசாமாசம் வெட்டணும். முடி கொட்டாதுன்னா முடி வேலை இல்லன்னு அர்த்தம் கிடையாது. புரியுதா?"

"புரியுதுங்க," என்றாள் பிரேக்கக்கா. பேருந்து உரிமத் தேர்வில்கூட அவளுக்கு இப்படி உள்ளங்கை வியர்த்ததில்லை. நாய் வாங்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வந்தால், பெண் கேட்டு வந்த மாதிரி இருந்தது.

தும்மல் விஷயத்தை அவளே சொன்னாள். பண்ணையம்மா தலையாட்டினார். "டூடுல்னா தும்மலே வராதுன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. ஒரே ஈத்துல பிறந்த குட்டிகள்லயே ஒண்ணுக்குச் சுருட்டை முடி வரும், ஒண்ணுக்கு நீட்டு முடி வரும். ஒவ்வொருத்தர் உடம்புக்கும் ஒவ்வொண்ணு. அவரு உக்காந்து பாக்கட்டும். பாஸானா மேல பேசலாம்."

பக்கத்து அறையில் தையல்காரரைத் தரைவிரிப்பில் உட்கார வைத்து, தாய் நாயைக் கொண்டுவந்து விட்டார்கள். நல்ல உயரமான பூடில், ராணி நடை. வந்தது, மோந்தது, அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவருடைய மூக்கையே பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குட்டிகளைத் திறந்துவிட்டார்கள். அவை உருண்டு புரண்டு அவர் மேலேறி, காதைக் கடித்து, கண்ணாடியைப் பிடுங்கின. அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. பிரேக்கக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பொன்னிறத்தில் அலையலையாக முடிவைத்த ஒரு குட்டி அவள் புடவை நுனியைப் பிடித்துத் தொங்கியது. அப்படியே பியானோ டீச்சரின் நாயைச் சின்னதாக்கியது மாதிரி. இதுதான், இதேதான் என்று மனசு அடித்துக்கொண்டது.

"பாஸ்!" என்று கத்தியது நாத்தனார்.

திரும்பும் வழியில் பின்னிருக்கையில் சத்தமே இல்லை. பிரேக்கக்கா திரும்பிப் பார்த்தாள். பட்டப்பகலில், வாயைப் பிளந்துகொண்டு தையல்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பகலில் ஒரு கண்ணைக்கூட மூடாத மனிதர். நாத்தனார் கண்ணாடியில் அண்ணனைப் பார்த்தாள். மருத்துவமனையில் எத்தனையோ பேரைப் பார்த்தவள், வண்டியை ஓரங்கட்டினாள்.

"அண்ணா, எழுந்திரு. என்ன மாத்திரை போட்ட?"

"என்ன... எது..."

"தும்மல் மாத்திரைதானே? போட்டா இப்படித்தான் தூக்கம் வரும். பொய் சொல்லாத."

தையல்காரர் முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "ஒண்ணே ஒண்ணுதான் போட்டேன்."

"பரீட்சையில பிட்டு அடிச்சிட்டு வந்திருக்கீங்க!" என்றாள் பிரேக்கக்கா. கோபம் வந்தது அவளுக்கு. கூடவே அழுகையும் வருவது மாதிரி இருந்ததால் ஒழுங்காகக் கோபப்படவும் முடியவில்லை.

"நீ எதுவுமே கேட்டதில்ல," என்றார் அவர் மெதுவாக. "கேட்ட ஒண்ணும் என் மூக்கால நின்னு போகணுமா? தினம் ஒரு மாத்திரைதானே, போட்டுக்கிட்டாப் போச்சு."

"தினம் மாத்திரை போட்டுக்கிட்டு மிஷின்ல உக்காந்து தூங்குவீங்களா? துணியோட சேத்து விரலையும் தைப்பீங்க. அப்புறம் நான் நாயைப் பாக்கவா, உங்களைப் பாக்கவா?"

நாத்தனார் முன்கண்ணாடி வழியே சாலையைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு பேரும் போதும். கண்ணைக் கசக்காதீங்க, எனக்கு ஓட்டணும்," என்றாள். சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் பிரேக்கக்கா பண்ணைக்குப் போன் செய்தாள். பேசாமல் விட்டுவிட்டால் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றாமல் இல்லை. பொன்னிறக் குட்டி இன்னும் புடவை நுனியில் தொங்குவது போலவே இருந்தது. ஆனாலும் சொன்னாள்: மாத்திரை, குறட்டை, எல்லாம். சரி, போச்சு என்று நினைத்தாள். பிறகு ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. நர்ஸ்கள் வேலை முடிந்து உட்காரும்போது சிரிக்கிற சிரிப்பு.

"பொய் சொல்லி நாய் வாங்கிட்டுப் போனவங்க எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன்மா. பொய்யைத் திருப்பிக் கொண்டுவந்து குடுத்தது நீங்க ஒருத்தர்தான். அடுத்த வாரம் வாங்க. மாத்திரை போடாம!"

அடுத்த வாரம் தையல்காரர் தரைவிரிப்பில் உட்கார்ந்தபோது பலியாடு மாதிரி இருந்தார். தாய் நாய் வந்து பழைய ஆளைப் பார்த்த தோரணையில் மடியில் தலையை வைத்தது. எல்லோரும் மூக்கையே பார்த்தார்கள்.

"இப்படிப் பாத்தா தும்மாதவனுக்கும் தும்மல் வரும். வேற எங்கயாவது பாருங்க," என்றார் அவர்.

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். தாய் நாயால் ஒன்றும் ஆகவில்லை. பண்ணையம்மா குட்டிகளைக் கூடையோடு கொண்டுவந்து, ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். முதலில் அந்தப் பொன்னிறக் குட்டி. அது அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்தது. தையல்காரரின் கண்கள் சுருங்கின. மூக்கு சிவந்தது. வாய் மெல்லத் திறந்தது. பிரேக்கக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

தும்மல் வெடித்தது. மேஜைமேல் இருந்த டீக்கோப்பை தட்டில் ஆடியது. பொன்னிறக் குட்டி அலறிக்கொண்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டது. கூடைக்குள் இருந்த மற்றக் குட்டிகளும் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு நாலாபக்கமும் தெறித்தன. தாய் நாய்கூட எழுந்து வாசல்வரை போய், திரும்பிப் பார்த்து நின்றது. இரண்டாவது தும்மல், மூன்றாவது தும்மல். அறையில் ஒரு குட்டியையும் காணோம்.

ஒன்றைத் தவிர. காப்பிக்கொட்டை நிறத்தில், இறுக்கமான சுருட்டை முடியோடு, மற்றவற்றைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒரு குட்டி. அது ஓடவில்லை. தலையை இந்தப் பக்கம் சாய்த்தது, அந்தப் பக்கம் சாய்த்தது. இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்போல அவரை நோக்கி நடந்து வந்தது. முழங்காலில் ஏறி, மார்பில் ஏறி, அவருடைய மூக்குக்கு நேராக முகத்தை வைத்து உற்றுப் பார்த்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். குட்டி அவர் மூக்கை ஒரு நக்கு நக்கியது.

அறையே காத்திருந்தது. தும்மல் வரவில்லை. பொன்னிறக் குட்டியை வேறு அறைக்குத் தூக்கிப்போய், ஜன்னலைத் திறந்து வைத்து, டீ குடித்து, பேசிக்கொண்டே நெடுநேரம் பார்த்தார்கள். காப்பிக்கொட்டைக் குட்டி அவர் கைக்குள்ளேயே தூங்கிவிட்டது. ஒரே ஒருமுறை, கிளம்புகிற நேரத்தில், சின்னதாக ஒரு தும்மல் போட்டார்.

"அது வைக்கோல். எனக்கும் வரும்," என்றார் பண்ணையம்மா. "இந்தக் குட்டியைத்தான் உங்களுக்குக் குடுப்பேன். முடி பரவாயில்ல, அது ஒரு காரணம். இந்தாளோட தும்மலுக்குப் பயப்படாத நாய் உலகத்துலயே இது ஒண்ணுதான் இருக்கும், அது இன்னொரு காரணம். ஆனா கேட்டுக்கோங்க. வளர வளர முடி மாறும். நாளைக்கு இவருக்கு ஒத்துக்கலைன்னா என்கிட்டதான் கொண்டு வரணும். வேற யாருக்கும் தள்ளிவிடக்கூடாது."

பிரேக்கக்கா தலையாட்டினாள். ஆனால் அவள் கண் பொன்னிறக் குட்டி போன அறையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. மனசுக்குள் பெயர்கூட வைத்துப் பார்த்திருந்த குட்டியாயிற்றே. பண்ணையம்மா அதைக் கவனித்துவிட்டார். எதுவும் சொல்லாமல், தூங்குகிற குட்டியை எடுத்து அவள் கையில் வைத்தார். அது கண்ணைத் திறக்காமலே ஒரு பக்கம் புரண்டு, தாடையை அவள் மணிக்கட்டில் முட்டுக்கொடுத்து வைத்துக்கொண்டது. வயிறு சூடாக இருந்தது. பால் நாற்றமும் மண் நாற்றமும் கலந்து அடித்தது. கொஞ்சநேரம் அப்படியே நின்றாள். கதவுப் பக்கம் பார்க்க மறந்துபோயிற்று.

குட்டி இன்னும் சில வாரம் தாயோடு இருக்கவேண்டும் என்றார் பண்ணையம்மா. அந்த வாரங்களில் வீடு பட்ட பாடு சொல்லி மாளாது. தையல்காரர் கயிற்றில் காந்தத்தைக் கட்டி முன்னறை முழுக்க இழுத்துக்கொண்டு திரிந்தார். பல வருடத்து ஊசிகளெல்லாம் வெளியே வந்தன. சோபா உறைத் துணி மிச்சத்தில் ஒரு மெத்தை தைத்தார். ஓரத்தில் குஞ்சமும் வைத்தார். "நாய்க்குக் குஞ்சமா?" என்று பிரேக்கக்கா கேட்டதற்கு, "வீட்டுக்கு வர்ற முதல் ராத்திரி, நல்லாருக்கட்டுமே," என்றார்.

கூட்டிவந்த நாளில் குட்டி காரிலேயே இரண்டு முறை வாந்தியெடுத்தது. இரண்டும் நாத்தனாரின் கைப்பையில். அவள் கத்திய கத்தலில் அது வாந்தியை நிறுத்திவிட்டு மறுபடியும் தலையைச் சாய்த்துப் பார்த்தது. "பார்றா, முழிக்கிறதைப் பார்றா," என்றாள் நாத்தனார். அவள் வீட்டு வாசலில் அது ஒரு காலை வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தாள் அல்லவா? அது நாலு காலையும் வைத்தே உள்ளே போயிற்று. அதன்பிறகு அவளுக்கு வீட்டில் எப்போதும் உப்பு தீர்ந்துபோகத் தொடங்கியது. உப்பு வாங்க மேலே ஏறி வருவாள். தரையில் உட்காருவாள். உப்பை மறந்துவிட்டு இறங்கிப்போவாள்.

பெயர் வைக்கத்தான் பெரிய சண்டை. தையல்காரருக்கு வெல்வெட் என்று வைக்கவேண்டும். நாத்தனாருக்குச் சாக்லேட். இவர்கள் வாதாடிக்கொண்டிருக்கும்போதே, நாற்காலியில் தொங்கிய பிரேக்கக்காவின் சீருடைப் பையிலிருந்து எதையோ உருவி மென்று கொண்டிருந்தது குட்டி. வாயைத் திறந்து பார்த்தால், கசங்கிய பேருந்து டிக்கெட். அத்தோடு முடிந்தது விவாதம். டிக்கெட் என்றே பெயர் நிலைத்தது.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. பூங்காவில் அவிழ்த்துவிட்டுப் பிரேக்கக்கா தன் வழக்கமான குரலில், "டிக்கெட்! டிக்கெட்!" என்று கூப்பிட்டால், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் தங்களையறியாமல் சட்டைப்பையைத் தடவினார்கள். ஒரு பெரியவர் பஸ் பாஸையே எடுத்து நீட்டிவிட்டார்.

பண்ணையம்மா சொன்னது பொய்யில்லை. அரை வயது ஆவதற்குள் முடி வேகமாக வளர்ந்து, கண்ணை மூடி, காதுக்குப் பின்னால் சிக்குப் பிடித்தது. வேலைவிட்டு வந்ததும் பிரேக்கக்கா சீப்போடு உட்காருவாள். அன்றைக்கு வண்டியில் யார் சண்டை போட்டார்கள், எந்தச் சிக்னல் கெட்டுக்கிடந்தது எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே சீவுவாள். டிக்கெட் பாதியைக் கேட்கும், பாதியைத் தூங்கும். முடி வெட்டுகிற வேலையைத் தையல்காரர் தானே செய்வதாக ஏற்றுக்கொண்டார். "துணி வெட்டுற கை. முடி என்ன பெரிய விஷயம்?" என்றார்.

அளவு நாடாவால் அளந்தார். சாக்குக்கட்டியால் குறி வைத்தார். ஆனால் துணி வெட்டும்போது துணி எழுந்து ஓடாது, திரும்பி நின்று கத்தரியை மோந்து பார்க்காது. முடிந்தபோது டிக்கெட்டுக்கு முன்னங்காலில் ஒரு பக்கம் முழுக்கால் சட்டை, மறுபக்கம் அரைக்கால் சட்டை. வால் மட்டும் வாசல் பெருக்குகிற துடைப்பம் மாதிரி அப்படியே இருந்தது. நாத்தனார் படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தாள். பிரேக்கக்காவுக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது. டிக்கெட்டோ புது உடை போட்ட கர்வத்தில் தெருவெல்லாம் நடந்து வந்தது.

தையல்காரருக்கு அது தொழில் மானப் பிரச்சனையாகிவிட்டது. முடி திருத்தும் கடைக்காரரிடம் போய் முறையாக மிஷின் பிடிக்கக் கற்றுக்கொண்டார். அடுத்த முறை ஓரளவுக்கு வந்தது. அதற்கடுத்த முறை டிக்கெட்டைப் பார்த்துத் தெருவில் இரண்டு பேர் எந்தக் கடையில் வெட்டினீர்கள் என்று கேட்டார்கள். அன்று அவருக்கு வாயெல்லாம் பல்.

தும்மல் அடியோடு நின்றுவிடவில்லை. பூக்கள் மலரும் பருவத்தில் அவர் முன்னைப்போலவே தும்முகிறார். பூனை போனாலும் தும்முகிறார். டிக்கெட் அருகில் வந்தால் எப்போதாவது ஒன்று வரும், அவ்வளவுதான். மாற்றம் வேறு இடத்தில்தான். முன்பெல்லாம் தையல்காரர் வாரக்கணக்கில் வாசல்படி இறங்கமாட்டார். இப்போது காலையும் மத்தியானமும் டிக்கெட்டோடு நடந்து, தெருவில் யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யார் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரிகிறது. பிரேக்கக்கா வேலைவிட்டு வந்தால் ஊர்ச் செய்தி வாசிக்கிறார்.

போன வாரம்கூட அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"இன்னைக்கு ஒண்ணு நடந்துச்சு. ஹோட்டல்காரம்மாவோட திரை இருக்கு பாரு, ஓரத்துல குஞ்சம் வெச்சது..."

"கடிச்சிடுச்சா?"

"ஒரு பக்கம் மொத்தமும் போச்சு. அந்தம்மா வாசல்ல வந்து நிக்கிறாங்க. நான் என்ன பண்ண? கத்தரியை எடுத்து மறுபக்கக் குஞ்சத்தையும் நறுக்கிட்டேன். ரெண்டையும் மொட்டையா கொண்டுபோய்க் காட்டி, நடந்ததைச் சொன்னேன். மூஞ்சியைத் தூக்குவாங்கன்னு பாத்தா, 'அய்யோ, இதுதான் நல்லாருக்கு. அந்தக் குஞ்சம் என் வீட்டுக்காரர் கேட்டது, எனக்குப் பிடிக்கவே இல்ல'ங்கிறாங்க! மிச்ச ஜன்னலுக்கும் இப்படியே தைக்கணுமாம்."

"அப்ப யோசனை குடுத்தவனுக்கு ஏதாவது குடுத்தீங்களா?"

"ரெண்டு பிஸ்கட் குடுத்தேன். போதும்னு படுத்துட்டான்."

பிரேக்கக்கா குனிந்து பார்த்தாள். தையல் மிஷினுக்கு அடியில், மிதிபலகையில் தாடையை வைத்துக்கொண்டு டிக்கெட் தூங்கிக்கொண்டிருந்தது. குஞ்சத்தின் சிவப்பு நூல் ஒன்று மீசையில் ஒட்டிக்கொண்டு, அது மூச்சுவிடும்போதெல்லாம் மேலும் கீழும் ஆடியது.